ஒரே நாளில் இரண்டு படம்: யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வசூல் விசாரணை

2025 மே 1, வியாழக்கிழமை. தொழிலாளர் தின விடுமுறை. அன்று தமிழில் வெளியான படங்களில் இரண்டை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கார்த்திக் சுப்புராஜ் இயக்கி சூர்யா நடித்த ‘ரெட்ரோ’. மற்றது, அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படமான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. நடிப்பு சசிகுமாரும் சிம்ரனும்.

வசூல் படத்தின் தரத்தைக் காட்டுமா என்ற வழக்கு எங்கள் ஊர்ச் சந்திகளில் எம்.ஜி.ஆர், சிவாஜி காலத்திலிருந்தே தீர்ப்பில்லாமல் இழுபடுகிறது. அதை விசாரிக்க இந்த இரண்டையும் விட வசதியான சாட்சிகள் கிடைப்பது கடினம். வெளியான நாள் ஒன்று, விடுமுறையும் ஒன்று. ஒன்றுக்கு எதிர்பார்ப்பு எக்கச்சக்கம், மற்றதைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. அதற்குமேல், இரண்டாவது படம் எங்கள் வடமராட்சியின் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இந்தியா போகும் ஒரு குடும்பத்தின் கதை. எங்களுடைய கதை என்று சொல்லித்தான் எங்களுக்கே விற்றார்கள். ஆகவே இங்கே இருந்து எழுதும்போது கொஞ்சம் சங்கடமும் உண்டு.

முதலில் எதிர்பார்ப்பு எங்கே இருந்து வந்தது என்று பார்ப்போம்.

‘ரெட்ரோ’வின் கதை என்னவென்று படம் வருமுன் இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தது ‘கனிமா’ பாட்டு. சந்தோஷ் நாராயணன் இசையில் மார்ச்சில் வந்த அந்தப் பாட்டுக்கு ஏப்ரல் முழுக்க ஆடினார்கள். நான் போன சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) ஒன்றில் பிள்ளையின் தோழிகள் ஆடி முடித்த பிறகு, வீடியோக்காரர் “இன்னொருக்கா ஆடுங்கோ பிள்ளையள், கமரா சரியா வரேல்லை” என்று திரும்ப ஆடவிட்டார். அங்கே ஆடிய பிள்ளைகளில் அரைவாசிப் பேராவது படத்துக்குப் போயிருப்பார்கள். அவர்கள் ரிக்கெட் வாங்கியது பாட்டுக்காக.

இன்னொரு காரணம் சூர்யாவின் முந்தைய படமான ‘கங்குவா’. 2024 நவம்பர் 14 அன்று வெளியான அந்தப் படம் 2000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே வெளியீட்டுக்கு முன் சொல்லியிருந்தார். வந்த முதல் நாளே இரைச்சல் தாங்க முடியவில்லை என்று சனம் கத்த, தியேட்டர்களில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள், பிறகு படத்தின் நீளத்தையும் வெட்டினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. அதே மாதம் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூப்காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. இந்தத் தோல்வி ரசிகர்களுக்கு ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆறு மாதம் கூட ஆகவில்லை, அடுத்த படம் வருகிறது. ‘இந்த முறை பார்’ என்பதுதான் மனநிலை. அப்படி வாங்கப்பட்ட முதல் நாள் ரிக்கெட்டில் புதிய படத்தைப் பற்றிய அபிப்பிராயம் எதுவும் இருக்க முடியாது. அது போன படத்தின் கணக்கைத் தீர்க்கக் கட்டிய காசு.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு இருந்தது எதிர்பார்ப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, சந்தேகம் என்றுதான் சொல்ல வேண்டும். “சசிகுமார் எங்கட தமிழ் கதைக்கிறாராம்” என்று ஒரு நக்கல் ஓடியது. மதுரைத் தமிழுக்குப் பேர்போன மனிதர். 2000 இல் ‘தெனாலி’யில் கமல் கதைத்ததைப் பற்றியே இங்கே இன்னும் விவாதம் முடியவில்லை, இது வேறா என்ற சலிப்பு. சிம்ரன் பற்றி மட்டும் ஒரு சுவாரசியம் இருந்தது. 2002 இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஈழத்துக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கும் சென்னைத் தாயாக வந்தவர், 23 வருடம் கழித்து யாழ்ப்பாணத் தாயாகவே வருகிறார். இதைக் கவனித்துச் சொன்ன பக்கத்து வீட்டு அன்ரியின் நினைவாற்றல் எந்தச் சினிமாப் பத்திரிகைக்காரருக்கும் குறைந்ததல்ல.

முதல் மூன்று நாளும் அதற்குப் பிறகும்

யாழ்ப்பாணத்தில் பெரிய நடிகரின் படம் என்றால் முதல் காட்சிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். மோட்டார்சைக்கிள் வரிசை, வெடி, கட்டவுட், பனர், சில வேளை பால். ராஜா தியேட்டர் வாசலானாலும் சரி, காகில்ஸ் சதுக்கத்தின் மாடிப்படியானாலும் சரி, வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஆண்பிள்ளைக் கூட்டம். திரையில் பெயர் விழும்போது எழும் சத்தத்தில் முதல் பத்து நிமிட வசனம் யாருக்கும் கேட்காது, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை. படம் முடிந்து வெளியே வரும்போதுதான் முகத்தைப் பார்க்க வேண்டும். ‘ரெட்ரோ’வுக்கு நான் பார்த்த முகங்களில் கோபம் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. “பரவாயில்லை, கங்குவாவுக்கு இது எவ்வளவோ மேல்.” அதுதான் அதிகம் கேட்ட தீர்ப்பு. போன படத்தோடு ஒப்பிட்டுத்தான் இந்தப் படத்துக்கே மார்க் போட்டார்கள்.

மற்றப் படத்துக்கு வந்த கூட்டம் மெல்ல மாறியது. தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். அடுத்த கிழமை ஓட்டோவில் வந்து இறங்கும் குடும்பங்கள், கைத்தடியோடு ஒரு அம்மம்மா, ‘போன கிழமை பார்த்தனான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்’ என்று சொல்லும் மகள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஆறு ரிக்கெட் கேட்டார். எத்தனையாவது தடவை என்று கேட்டேன். “நான் பார்த்திட்டன் தம்பி, இது மனிசியின்ர ஆக்களுக்கு.”

முதல் வாரக் காசு எங்கள் கலியாண வீட்டு என்வலப் போன்றது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறோம். சாப்பாடு எப்படி என்பதற்கும் உள்ளே வைத்த தாளுக்கும் சம்பந்தமில்லை. ஏற்கெனவே பார்த்துவிட்டு இன்னும் ஆறு பேருக்கு எடுக்கும் ரிக்கெட் வேறு சாதி. படம் என்ற பொருளுக்கு விழுந்த காசு என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். ஆனால் வசூல் அறிவிப்பில் இரண்டும் ஒரே கூட்டலில் போய்விடுகின்றன. பெரும்பாலான அறிவிப்புகள் முதல் நாலு நாளோடு நின்றும் விடுகின்றன. அதே ஆண்டு ஓகஸ்ட் 14 அன்று வந்த ‘கூலி’யை எடுங்கள். நாலு நாளில் உலகம் முழுக்க 404 கோடி என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அந்த நாலு நாளுக்குள்ளேயே படம் ஏமாற்றிவிட்டது என்றும் பலர் எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு விடயங்களைப் பற்றியவை. (இங்கே அது நல்லூர்த் திருவிழாக் காலம், வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரில் நிற்கும் காலம். அந்த மாதத்தில் யாழ்ப்பாணத்தில் எந்தத் தியேட்டரிலும் கூட்டத்தை வைத்துப் படத்தை எடைபோடக் கூடாது.)

அந்தக் கோடிகளுக்குள் என்ன இருக்கிறது

‘ரெட்ரோ’ 235 கோடி என்று தயாரிப்புத் தரப்பு விளம்பரம் செய்தது. கொஞ்சம் நின்று வாசித்தால், தியேட்டர் வருமானமும் தியேட்டர் அல்லாத வருமானமும் சேர்ந்த தொகை என்று அதிலேயே இருந்தது. தியேட்டர் அல்லாத வருமானம் என்றால் ஓடிடி, தொலைக்காட்சி, பாட்டு உரிமைகள். பெரிய நடிகர் படங்களில் இவை பெரும்பாலும் படம் வெளிவரும் முன்பே விலைபேசி முடிந்துவிடும். ஆக, ஒரு ரசிகன்கூடத் தியேட்டருக்குள் கால் வைக்கும் முன்பே ‘வெற்றி’யின் ஒரு பகுதி தயார். எதிர்பார்ப்பை ஒரு தடவை நிறுவனங்களுக்கு விற்று, இன்னொரு தடவை எங்களுக்கு விற்று, இரண்டையும் கூட்டினால் வருவது அந்த இலக்கம்.

தமிழ்ச் சினிமாவில் கணக்காய்வு செய்து வெளியிடப்படும் பொதுவான வசூல் கணக்கு என்று ஒன்று கிடையாது. தயாரிப்பாளரின் போஸ்டர் ஒன்று சொல்லும், இணையத்தில் வசூல் கணிப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள். போஸ்டரில் வருவது அநேகமாகக் ‘கிராஸ்’, அதாவது கவுண்டரில் விழுந்த முழுத் தொகை. அதில் வரி போகும், தியேட்டர்காரரின் பங்கு போகும், மிஞ்சுவதுதான் விநியோகஸ்தரின் ‘ஷேர்’. விநியோகஸ்தர் ‘எம்ஜி’ என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைக் கொடுத்துப் படத்தை வாங்கியிருந்தால், தயாரிப்பாளர் இலாபத்தில் இருக்க அவர் நட்டத்தில் இருக்கலாம். 2002 இல் ‘பாபா’ படுத்தபோது ரஜினிகாந்தே விநியோகஸ்தர்களின் நட்டத்துக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் ஊர் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? ‘ஓவர்சீஸ்’ என்ற வரிசையில் ஒரு மூலையில். இலங்கை ரூபாயில் விழுவதை இந்திய ரூபாயாக்கினால் மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அதே வரிசையில்தான் ரொறன்ரோவும் லண்டனும் பாரிஸும் வருகின்றன. அங்கே தியேட்டரில் இருப்பவர்களில் பெரும் பகுதி எங்கள் ஆட்களே. ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் எடுத்த ஒரு ரிக்கெட், இங்கே மாமனார் வீட்டுச் சனம் முழுக்கப் போய் எடுத்ததற்குச் சமன். கோண்டாவிலில் இருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தக் கூட்டலில் ஒரு தசமப் புள்ளிக்கும் காணாது. எங்கள் இரசனைக்கு இலக்கத்தில் இவ்வளவுதான் மரியாதை என்று தெரிந்தும், அந்த இலக்கத்தைத் தூக்கிக்கொண்டு முகநூலில் சண்டை பிடிப்பவர்களில் எங்கள் பெடியள் முன்வரிசையில் நிற்கிறார்கள். இதை எனக்கு விளங்கப்படுத்த முடிந்தவர் இதுவரை இல்லை.

பிந்தி வந்த காலம்

முதல் நாள் முதல் காட்சி என்ற பழக்கம் இந்த ஊருக்குப் புதியது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபிறகு இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. அளந்துதான் எடுத்தார்கள். சென்னையில் ஓடி முடிந்த படம் இங்கே வருவதற்குள் வருடங்கள் உருண்டுவிடும். ‘பேசும் படம்’, ‘பொம்மை’ பத்திரிகைகளில் கதை, பாட்டு, தீர்ப்பு எல்லாம் வாசித்துவிட்டுத்தான் தியேட்டருக்குப் போனார்கள். இந்தத் தாமதத்தை எல்லோரும் திட்டினார்கள். ஆனாலும் அது ஒரு சல்லடையாகவும் இருந்தது. ஓரளவு பேர் எடுத்த படம்தான் கடல் கடந்தது.

போர்க்காலத்தில் சல்லடையின் கண் இன்னும் சிறுத்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர், டெக், ரிவி மூன்றையும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்து, ஒழுங்கை முழுக்கப் பாய் விரித்து இரவிரவாகப் படம் பார்த்த ஆட்கள் நாங்கள். எந்தப் படம் போடுவது என்று அதற்கு முன் நடக்கும் விவாதம் படத்தைவிட நீளம். ஏற்கெனவே பார்த்த யாராவது ஒருவர் உத்தரவாதம் தராமல் ஒரு கொப்பியும் உள்ளே வராது, ஏனென்றால் எரியப்போவது எல்லோருடைய எண்ணெய். கிழிந்துபோகும் அளவுக்கு ஓடிய கசெட்டுகளுக்கு எந்த ஏட்டிலும் வசூல் கணக்கு இல்லை.

இப்போது சென்னையில் வரும் அன்றே இங்கேயும் வருகிறது. நல்லதுதான், நான் பழைய நாட்களுக்கு ஏங்கவில்லை. ஆனால் சல்லடை போய்விட்டது, உத்தரவாதம் தர ஆளில்லாமலே வாங்குகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தரத்தின் பக்கம்

சரி, இரண்டில் எது நல்ல படம்? 75 கோடி தாண்டியது என்று ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ போஸ்டர் அடித்தபோது, சின்னச் செலவில் எடுத்த முதற்படத்துக்கு அது பெரும் தொகை. ராஜமௌலி பாராட்டினார், ரஜினி பாராட்டினார். ஆகவே தரம் வென்றது என்று கதையை முடித்துவிடலாம்போல இருக்கும். இங்கே இருந்து பார்த்தால் அவ்வளவு இலேசில் முடியாது.

இங்கே முதலில் எழுந்த முறைப்பாடு பேச்சு. இது வெறும் ஊர்ப் பெருமை இல்லை. அந்தக் கதையின் அச்சாணியே பேச்சுத்தான்: சென்னையில் பக்கத்து வீட்டாரிடம் வாயைத் திறந்தால் எங்கிருந்து வந்தவர்கள் என்று பிடிபட்டுவிடும், அதனால் கதைக்காதீர்கள் என்று குடும்பத்துக்குச் சொல்லி வைக்கப்படுகிறது. அப்படி ஒளிக்க வேண்டிய பேச்சு, ஒளிக்கத் தேவையில்லாத இடத்தில், வீட்டுக்குள், எங்கள் காதுக்குச் சரியாக விழ வேண்டும். சில இடங்களில் விழுந்தது. சில இடங்களில் ஒரே வசனத்துக்குள் வடமராட்சியில் தொடங்கி மதுரையில் முடிந்தது. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்போலக் கதைக்கவில்லை. இளைய மகனாக வரும் சிறுவனை மட்டும் இங்கே யாரும் குறை சொல்லிக் கேட்கவில்லை.

இரண்டாவது, படம் எதைத் தாண்டிப் போகிறது என்பது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடி முற்றியபோது, தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் போய் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் செய்தியில் வந்தன. போனவர்கள் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். மண்டபம் என்ற பெயரை அறியாத குடும்பம் வடக்கில் குறைவு. 1983க்குப் பிறகு அந்த வழியாகப் போனவர்கள் எத்தனையோ. படத்தில் வரும் குடும்பம் முகாமுக்குப் போவதில்லை. நேரே சென்னையில் ஒரு தெருவுக்குள் நுழைந்து, அந்தத் தெருவின் மனங்களை ஒவ்வொன்றாகக் கரைக்கிறது.

என் கணிப்பு இதுதான்: நாங்கள் குறை என்று சொல்லும் இடமும் காசு வந்த இடமும் ஒன்றே. முகாமையும் பதிவேட்டையும் காட்டியிருந்தால் தமிழ்நாட்டுப் பார்வையாளர் குற்ற உணர்ச்சியோடு வெளியே வந்திருப்பார். தெருவைக் காட்டியதால், தானும் அப்படிக் கதவைத் திறந்திருப்பேன் என்ற மனநிறைவோடு வந்தார், வந்தவர் தாயையும் மாமியையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனார். அதற்காகப் படம் பொய் என்று சொல்லமாட்டேன். மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருப்பதை எடுப்பது இலேசான வேலை இல்லை, அதை அந்த இளைஞர் அளவோடு செய்திருந்தார். சாவு வீட்டுக் காட்சி ஒன்றில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார், சரி, நானும்தான். ஒருவரை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வரச் செய்யும் தன்மையும் ஒரு படத்தின் தரத்தில் சேர்ந்ததே. இரண்டாம் வாரத்து வசூல் அதை அளக்கிறது. முகாமைத் தாண்டிப் போனதை அது அளக்காது, அளக்கவும் முடியாது.

‘ரெட்ரோ’வில் அந்தக் கலியாண வீட்டுக் காட்சி, வெட்டே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் ஒரே ஷொட், கமரா ஆட்டத்துக்குள்ளும் அடிதடிக்குள்ளும் புகுந்து புறப்படுவது. படப்பிடிப்பு என்ற கைத்தொழிலில் மட்டும் போட்டி வைத்தால் மற்றப் படத்தில் அதன் கிட்ட வர எதுவும் இல்லை. இரண்டாம் பாதியில் தீவுக்குப் போனதும் படம் கைவிட்டுப் போனது வேறு விடயம்.

இதே கேள்வியை எங்கள் பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டும். 1970களின் பின்பாதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்போது கற்பித்துக்கொண்டிருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். யாழ்ப்பாணத்து வீடு, யாழ்ப்பாணத்துச் சீதனம், யாழ்ப்பாணத்துச் சாதி, யாழ்ப்பாணத்து வாய். உச்சரிப்பில் யாரும் குற்றம் பிடிக்க முடியாது. வசூலில் படம் விழுந்தது. இன்றைக்கு இலங்கைத் தமிழ்ச் சினிமாவைப் பற்றி எழுதுபவர்கள் முதல் வரிசையில் வைக்கும் படம் அது. வந்த காலத்தில் படம் மெதுவாகப் போகிறது என்றார்கள், சண்டையில்லை என்றார்கள். சென்னைக்காரர் எங்களைப்போல் கதைக்கவில்லை என்று 2025 இல் கொதித்த ஊர், தன்னைப்போலவே கதைத்த படத்துக்கு அன்றைக்கு ரிக்கெட் எடுக்கவில்லை. சீதனப் பேச்சை வீட்டிலேயே கேட்கலாம், அதைக் காசு கொடுத்து ஏன் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இப்போதும் இங்கே படம் எடுக்கிறார்கள். வேலை முடிந்த நேரத்தில், சொந்தக் காசில், கைபேசியிலும் எடுக்கிறார்கள். 2015 முதல் யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவும் நடக்கிறது. ஆனால் தியேட்டர் என்று வரும்போது பெரும்பாலும் இயக்குநரே மண்டபத்தை ஒரு காட்சிக்கு, இரண்டு காட்சிக்கு வாடகைக்கு எடுக்கிறார். ரிக்கெட்டை நண்பர்கள் கையில் கொண்டு திரிந்து விற்கிறார்கள். கிடைப்பது காலைக் காட்சி, அல்லது பெரிய படம் எதுவும் வராத ஒரு கிழமை நாள். பிடித்துப்போய், அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று நினைப்பவருக்குப் போக ஒரு அடுத்த காட்சி இல்லை. அந்தப் படங்களின் வசூலை வைத்து இந்த ஆய்வை நீட்டலாமா என்று ஒரு தியேட்டர் ஊழியரிடம் கேட்டேன். சிரித்தார். “அண்ணை, முதல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேர ஷோ குடுத்துப் பாக்கோணும். அதைக் குடுக்காமல் ஓடேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”